பிள்ளையை வீட்டில் எப்போது தனியாக விடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மூன்றரைக்கோ நாலுக்கோ விட்டுவிடுகிறது. வேலைக்குப் போன அம்மா அப்பா வீடு திரும்ப ஆறரை, ஏழு ஆகிறது. பாட்டி தாத்தா ஊரில் இருக்கிறார்கள். நடுவில் கிடக்கும் அந்த இரண்டு, மூன்று மணி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு. பள்ளி வாசலிலும் அடுக்குமாடி வாட்ஸாப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, என் பதில்களைச் சொல்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு நகரத்து வீடுகளை மனதில் வைத்து எழுதியது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எத்தனை வயதில் விடலாம்?

சரி, எண்தான் வேண்டும் என்றால்: 8 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். 8, 9 வயதில் பகலில் கால் மணி, அரை மணி. 10, 11 வயதில் ஒரு மணி, ஒன்றரை மணி. 12 முடிந்த பிறகு, பழகிய பிள்ளை என்றால், மாலை நேரம் முழுக்க. இரவு முழுக்கத் தனியாக என்பதை 16 வயதுக்கு முன் பேச வேண்டாம். இது என் கணக்கு, சட்டத்தின் கணக்கு அல்ல.

ஆனால் வயதை முதலில் கேட்பது தவறான இடத்தில் ஆரம்பிப்பது. நான் முதலில் கேட்பது வேறு: பிள்ளை கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் யார் வந்து நிற்பார்?

இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் 9 வயதுப் பையன். எதிர்வீட்டு அத்தை நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார், மாற்றுச் சாவி அவரிடம் இருக்கிறது. இன்னொன்றில் 12 வயதுப் பெண். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் புதுக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடி. அம்மாவுக்கு ஒரகடத்தில் வேலை, அப்பாவுக்குத் தரமணியில். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. முதல் பிள்ளையை அரை மணி விட்டுப் போக எனக்குப் பயமில்லை. இரண்டாவது பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அவளுக்கு ஓர் ஆளைத் தேடிப் பிடிக்கும் வரை விட மாட்டேன். அந்த ஆளைத்தான் இந்தப் பக்கம் முழுக்க ‘ஐந்து நிமிட ஆள்’ என்று சொல்லப் போகிறேன்.

இந்தியாவில் இதற்கு என்று சட்டம் உண்டா?

இத்தனை வயதுக்குக் கீழ் வீட்டில் தனியாக விடக்கூடாது என்று வயதைக் குறிப்பிட்டுச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 75ஆவது பிரிவு இருக்கிறது. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அதற்கு உடலாலோ மனதாலோ தேவையற்ற துன்பம் வரும்படி வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 93ஆவது பிரிவும் சிலர் வாயில் அடிபடும் (பழைய தண்டனைச் சட்டத்தில் 317). அது 12 வயதுக்குட்பட்ட பிள்ளையை அடியோடு கைவிடும் நோக்கத்தில் விட்டுப்போகிறவர்களுக்கானது. கடைக்குப் போனவர்களுக்கு அல்ல.

நடைமுறையில் பார்த்தால், கேள்வி எழுவது ஏதாவது நடந்த பிறகுதான். அப்போது ‘என்ன ஏற்பாடு செய்துவிட்டுப் போனீர்கள்?’ என்றுதான் கேட்பார்கள். அதற்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். இங்கே எப்படி?

ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் வயது வரம்பு இல்லை. ஆனால் ஆபத்து வரும்படி விட்டால் குற்றம். குழந்தைகள் நலனுக்காக அங்கே இயங்கும் என்.எஸ்.பி.சி.சி. அமைப்பு, 12 வயதுக்குக் குறைந்தவர்களை நீண்ட நேரம் தனியாக விடுவது சரிப்படாது என்கிறது. நியூசிலாந்தில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தகுந்த ஏற்பாடு இல்லாமல் விட்டுப் போனால் 2,000 டாலர் வரை அபராதம் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளையை நியாயமற்ற அளவு நேரம் விட்டுப்போவது குற்றம்; எவ்வளவு நேரம் நியாயம் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: மேரிலாந்தில் 8 வயதுக்குட்பட்ட பிள்ளையோடு குறைந்தது 13 வயதான ஒருவர் இருக்க வேண்டும்.

இதை இறுக்கிப் பிடித்தாலும் ஒரு கட்டத்தில் உடையும். ஜப்பானில் பிள்ளைகள் சின்ன வயதிலேயே தனியாகப் பள்ளிக்கு நடந்து போகிறவர்கள். அங்கே சைத்தாமா மாகாணத்தில் 2023இல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வீட்டில்கூடத் தனியாக விடக்கூடாது என்று ஒரு விதி கொண்டுவரப் பார்த்தார்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் எழுப்பிய சத்தத்தில் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பள்ளியில் கேட்டுவிடுங்கள். ‘நம்ம ஊரில் இப்படித்தான்’ என்ற பதில் அங்கே செல்லாது.

வெளியே பூட்டிவிட்டுப் போனால் பத்திரம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நம் ஊரில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பிள்ளை வெளியே ஓடிவிடக் கூடாது, யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கம்பிக் கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவோம். திருடனுக்குப் பயந்து செய்வது. ஆனால் திருடன் வருவதைவிட ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் புகைவது, சார்ஜரில் கிடந்த போன் பேட்டரி வீங்கி வெடிப்பது, விளக்கில் திரைச்சீலை படுவது எல்லாம் நடக்கக் கூடியவை. ஜன்னல்களில் எல்லாம் இரும்புக் கம்பி. வாசல் பூட்டியிருக்கிறது. பிள்ளை எந்த வழியாக வெளியே வரும்? தீயில் பெரும்பாலும் முதலில் ஆளை வீழ்த்துவது புகை. அதற்குச் சில நிமிடங்கள் போதும். நீங்கள் போக்குவரத்தில் நீந்தி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம்; கூரையில் பிடித்த தீ ஒரு பக்கம் என்றால், சட்டென்று வெளியேற முடியாத குறுகலான வழி இன்னொரு பக்கம்.

விதி எளிது. வீட்டுக்குள் இருக்கும் ஆள் உள்ளிருந்தே திறந்து வெளியே வர முடிய வேண்டும். சாவி தேவைப்படும் பூட்டு என்றால் அந்தச் சாவி உள்ளே, பிள்ளைக்குக் கை எட்டும் ஆணியில், இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். உள்ளிருந்து கதவைத் திறந்து வெளியே போகும் அளவுக்கு நம்ப முடியாத பிள்ளை என்றால், அது தனியாக விடப்படும் வயதில் இல்லை என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. மேல் தாழ்ப்பாள், நடுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பிள்ளை தூங்கிப் போய்விடும்; ஐந்து நிமிட ஆளிடம் மாற்றுச் சாவி இருந்தும் கதவைத் திறக்க முடியாது. வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டை மட்டும் போடு, தாழ்ப்பாள் போடாதே என்று சொல்லிவையுங்கள். குளியலறைக்கும் அப்படியே: தனியாக இருக்கும்போது கதவைச் சாத்தினால் போதும்.

ஐந்தே நிமிடம்தான், கீழே போய்ப் பால் வாங்கி வருகிறேன். குழந்தை தூங்குகிறது.

தூங்குகிற குழந்தைதான் ஐயா எழுந்திருக்கும். கைக்குழந்தையையும் நாலைந்து வயது வரையிலான பிள்ளைகளையும் ஐந்து நிமிடமும் விடக்கூடாது என்பதே என் கட்சி. தவழும் குழந்தை கட்டிலின் விளிம்புக்கு வர அரை நிமிடம் ஆகாது. சேலையில் கட்டிய தூளியிலிருந்து இறங்கப் பார்க்கும் குழந்தைக்குக் கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளும். பெரிய பிள்ளைகள் அதே தூளியை முறுக்கி விளையாடுவதும் ஆபத்துதான். குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்துவிடுவது அல்லது உயரத் தூக்கிக் கட்டுவது நல்ல பழக்கம்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் அண்ணாச்சி கடைக்குப் போன் போடுங்கள், பையனிடம் கொடுத்தனுப்புவார்.

பெரியவளுக்கு 10 வயது, சின்னவனுக்கு 4. அக்கா பார்த்துக்கொள்ள மாட்டாளா?

தன்னைத்தானே பார்த்துக்கொள்வது ஒரு வேலை. இன்னொரு உயிரைப் பார்த்துக்கொள்வது வேறு வேலை. 10 வயதுக்காரிக்கு முதலாவதைக் கொடுக்கலாம், இரண்டாவது அதிகம். நாலு வயசுப் பையன் மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டால் அவள் அழுவாள். அதுதான் அந்த வயதுக்கு இயல்பு. அப்புறம் ஏதாவது ஆகிவிட்டால் ‘உன்னைத்தானே பார்த்துக்கச் சொன்னேன்’ என்று ஒரு சொல் வந்துவிடும் வீட்டில். அதை அவள் ஆயுசுக்கும் சுமப்பாள்.

13, 14 வயதில், தம்பியோ தங்கையோ பள்ளிக்குப் போகும் வயதில் இருந்தால், ஒரு மணி நேரம் விடலாம். ஆனால் இருவரும் கூடினால் சண்டைதான் என்றால் அந்த ஜோடியை விடாதீர்கள். தனித்தனியாக நல்ல பிள்ளைகளாக இருப்பவர்கள் சேர்ந்தால் வேறு ஆட்களாகிவிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். எப்போதும் மூத்த பெண்பிள்ளை தலையிலேயே இது விழுகிறதா என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்பைத் தொடலாமா?

12 வயது வரை வேண்டாம். அதற்குமேல், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது பல தடவை செய்து பழகியதை மட்டும். தோசை சுடுவது, பால் காய்ச்சுவது சரி. எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிப்பது கிடையாது.

கிளம்பும்போது சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். பிள்ளைக்கு முறுக்கும் இட்லியும் டப்பாவில் இருந்தால் அடுப்பங்கரைக்குப் போக வேண்டிய காரணமே குறைந்துவிடும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். நாற்றம் அடித்தால் எந்த சுவிட்சையும் போடாமல், போட்டிருப்பதை அணைக்கவும் செய்யாமல், கதவைத் திறந்து வெளியே போய், அங்கிருந்து போன் செய்ய வேண்டும். இதைப் பிள்ளை வாயால் சொல்ல வைத்துக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ‘ஃபேனைப் போடுவேன்’ என்பார்கள். பெரியவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். வாயுக் கசிவுக்கு அவசர எண் 1906.

வாட்டர் ஹீட்டர் கம்பியை வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சும் வீடுகளில், அந்தக் கம்பி பிள்ளை தனியாக இருக்கும் நேரத்தில் பீரோவுக்குள் இருக்கட்டும்.

வீட்டில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

தண்ணீர். நாலு விரல் உயரத் தண்ணீர் இருந்தால் போதும், தலைகுப்புற விழுந்த சின்னக் குழந்தை மூழ்கிவிடும். தலைப்பக்கம் கனம் என்பதால் வாளிக்குள் விழுந்தால் தானாக எழ முடியாது. தரைத்தொட்டியின் மூடி பிள்ளை தூக்க முடியாத கனமா, மேலே ஏறி நின்றால் உடையாததா என்று பாருங்கள். பிளாஸ்டிக் மூடிகள் வெயிலில் காய்ந்து நொறுங்கும். கிணறு இருக்கும் வீட்டில் கம்பிவலை போட்டு மூடியிருக்க வேண்டும். ஏரிக்குளம் பக்கம் வீடு என்றால், விடுமுறையில் கூட்டாளிகளோடு குளிக்கப் போவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. அதற்கு வயது 15 ஆனாலும் நீச்சல் தெரியாத பிள்ளையை நம்ப வேண்டாம்.

மொட்டைமாடிக் கதவைப் பூட்டுங்கள். பால்கனியில் நாற்காலி, பூந்தொட்டி, பழைய அட்டைப்பெட்டி என்று ஏறி நிற்க உதவும் எதுவும் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம்.

எலி மருந்து, கொசு மருந்து, கழிவறை ஆசிட் எல்லாம் உயரத்தில், பூட்டிய இடத்தில். குளிர்பானப் பாட்டிலில் ஆசிட்டையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆசிட்டோ மண்ணெண்ணெயோ திரும்ப வரும்போது உணவுக்குழாயையும் நுரையீரலையும் இன்னும் கெடுக்கும். நேராக மருத்துவமனைதான்.

யாராவது மணி அடித்தால்?

திறக்க வேண்டாம். கூரியர், கேன் தண்ணீர், மீட்டர் பார்க்க வந்தவர், நன்கொடைப் புத்தகம், யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: ‘அம்மா குளிக்கிறாங்க, அப்புறம் வாங்க.’ வீட்டில் ஆள் இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கலாமா என்று சிலர் சங்கடப்படுகிறார்கள். இந்த ஒரு பொய்யை நான் தாராளமாக அனுமதிக்கிறேன். அதுவும் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிட ஆள் வந்தால்? அவருக்கும் சேர்த்து ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க’ என்று யார் வந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். சொல்லை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

அந்நியர் பயம் சரி. தெரிந்தவர்கள்?

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் அறிமுகமானவர்களே பெரும்பாலும் ஈடுபடுகிறார்கள் என்பது தெரிந்த உண்மை: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் மாஸ்டர், குடும்ப நண்பர். அதனால் ஐந்து நிமிட ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘நமக்கு யார் வசதி’ என்று பார்ப்பதோடு ‘பிள்ளை யாரிடம் இயல்பாகப் போகிறது’ என்றும் பாருங்கள். ‘அந்த மாமா வீட்டுக்குப் போக மாட்டேன்’ என்று பிள்ளை சொன்னால் காரணம் கேட்டு வற்புறுத்தாமல், முதலில் அனுப்புவதை நிறுத்துங்கள். காரணம் பிறகு மெதுவாக வரும். மரியாதை இல்லாமல் பேசாதே என்று அதட்டினால் வரவே வராது.

யார் தொட்டால் தப்பு, எந்த ரகசியத்தை அம்மாவிடம் மறைக்கக் கூடாது என்பதெல்லாம் தனியாக விடும் பேச்சு எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பேசியிருக்க வேண்டியவை. குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் புகார் கொடுப்பது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம். குடும்ப மானம் என்று மூடி வைக்க அங்கே இடமில்லை. ஆண்பிள்ளைக்கும் இதே சட்டம், இதே எச்சரிக்கை. பெண் என்றால் 15 வயதிலும் தனியாக விட மறுத்து, ஆண் என்றால் 8 வயதிலேயே தெருவில் விடும் வீடுகள் இரண்டு பிள்ளைகளுக்குமே நல்லது செய்யவில்லை.

போன் வாங்கிக் கொடுக்கலாமா?

போன் வேண்டும்தான், ஸ்மார்ட்போன் வேண்டுமென்பதில்லை. பொத்தான் வைத்த சாதாரண போன் ஒன்றை வீட்டுப் போனாக மேசையில் வைத்துவிடுங்கள். உங்கள் எண்ணைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏழு வாய்ப்பாடு தெரிகிறது, அப்பா எண் தெரிவதில்லை.

உங்கள் பழைய ஸ்மார்ட்போனைக் கொடுப்பதாக இருந்தால் அதிலிருந்து யூபிஐ செயலிகளை நீக்குங்கள். ஓடிபி வரும் சிம் அதில் இருக்கக் கூடாது. யார் போனில் எண் கேட்டாலும் சொல்லாதே என்பதையும் கதவைத் திறக்காதே என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். கேமரா வைக்கலாமா என்றால், வாசலுக்கு வைக்கலாம். கூடத்தில் வைத்து அலுவலகத்திலிருந்து ‘ஏன் இன்னும் டிவி ஓடுது’ என்று கத்துவது காவல், வளர்ப்பு அல்ல. அதோடு கேமராவால் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்க முடியாது.

எப்படிப் பழக்குவது?

மெதுவாக. முதலில் நீங்கள் மாடியில் துணி காயப் போடும் நேரம். அடுத்து தெருமுனைக் கடை வரை. பிறகு அரை மணி. ஒவ்வொரு கட்டமும் சில வாரங்கள் ஓடட்டும். இடையில் பிள்ளை பத்துத் தடவை போன் செய்தால் ஒரு கட்டம் பின்னால் வாருங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை.

‘என்ன செய்வாய்?’ என்று கேட்டுக்கொண்டே இருங்கள். சாப்பிடும்போது, ஸ்கூட்டரில் போகும்போது. கரண்ட் போனால்? கை வெட்டிக்கொண்டால்? சாவி தொலைந்து வாசலில் நின்றால்? நான் போன் எடுக்காவிட்டால்? கடைசிக் கேள்விக்கு ‘அடுத்து அப்பாவுக்கு, அப்புறம் எதிர்வீட்டு அத்தைக்கு’ என்று யோசிக்காமல் பதில் வந்தால் பிள்ளை தயாராகிக்கொண்டிருக்கிறது.

எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்: அம்மா, அப்பா, ஐந்து நிமிட ஆள். கீழே 112 எல்லா அவசரத்துக்கும், 108 ஆம்புலன்ஸ், 101 தீயணைப்பு, 1098 குழந்தைகள் உதவி எண். கடைசி எண் 24 மணி நேரமும் இலவசம். பிள்ளையே நேரடியாகக் கூப்பிடலாம். வீட்டு முகவரியையும் அதே தாளில் எழுதுங்கள். பதற்றத்தில் பெரியவர்களுக்கே கதவு எண் மறந்துபோகும்.

12 வயதாகிறது, ஆனால் தனியாக இருக்கப் பயப்படுகிறான்.

அப்படியானால் விடாதீர்கள். ‘இவ்வளவு பெரிய பையன், வெட்கமா இல்லை?’ என்று கேட்டால் பயம் போகாது. உங்களிடம் சொல்வது மட்டும் போய்விடும். எதற்குப் பயம் என்று பார்த்தால் பல நேரம் சின்ன விஷயமாக இருக்கும்: இன்வெர்ட்டர் போடும் சத்தம், இருட்டும் நேரம், பின்கதவு. ஆறு மணிக்கு முன் ஒரு ஆள் வந்துவிடும்படி ஏற்பாடு செய்தாலே சரியாகிவிடும்.

காரில் ஏசியைப் போட்டுவிட்டு விட்டால்?

எந்த வயதுக் குழந்தையையும், எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை லேசாக இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. சித்திரை மாதம் வேலூரில் அது என்ன கணக்கு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஏசி ஓடுகிறது என்றால் சாவி உள்ளே இருக்கிறது, வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது. அது வேறு ஆபத்து.

எங்களுக்கு வேறு வழியே இல்லை. பிள்ளைக்கு 6 வயதுதான்.

இந்தக் கேள்விக்குத்தான் உபதேசம் எடுபடாது. இரண்டு பேர் சம்பளமும் வேண்டும், வாடகை ஏறுகிறது, ஊரிலிருந்து யாரும் வர முடியாது. ஆனாலும் 6 வயதுப் பிள்ளையைத் தனியாக விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வயதுக்கு ஆபத்து எது என்றே தெரியாது.

முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் சேர்த்த விதிகள். பல நிறுவனங்கள் யாரும் கேட்காததால் சும்மா இருக்கின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தக் காப்பகம் ஒத்துவராவிட்டால், அதே தெருவில் வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து மூன்று மணி நேரம் பார்க்கச் சொல்வது மலிவான வழி. ‘சும்மாதானே இருக்காங்க’ என்று இலவசமாக எதிர்பார்க்காதீர்கள். காசு கொடுத்தால்தான் பொறுப்பு நிற்கும். ஒரே வகுப்பில் படிக்கும் மூன்று நான்கு பிள்ளைகளின் வீட்டார் சேர்ந்து, ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொள்வதும் நடக்கிற காரியம்தான்.

கோடை விடுமுறை தனிக்கதை. ஒரு மாலையைச் சமாளிக்கும் 11 வயதுப் பிள்ளை, காலை ஒன்பது முதல் இரவு ஏழு வரை ஒன்றரை மாதம் தனியாக இருக்க முடியாது. ஆபத்தைவிடச் சலிப்பும் டிவியும் தின்றுவிடும். அங்கே ஊருக்கு அனுப்புவதுதான் இன்றும் சிறந்த வழி.

‘நாங்கள் எல்லாம் தெருவிலேதான் வளர்ந்தோம்’ என்கிறார் மாமனார்.

உண்மைதான். ஆனால் அந்தத் தெருவில் திண்ணைக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். விழுந்த பிள்ளையைத் தூக்க நாலு வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். ஐந்து நிமிடம்கூட அல்ல, அரை நிமிடம். தெருவில் அவ்வளவு வண்டியும் இல்லை. 9, 10 வயதுக்கு முன் பிள்ளைகளால் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடிவதில்லை. மாமனாரிடம் சண்டை போடுவதைவிட, ‘நீங்க நாலு மணிக்கு வந்து உக்காந்துக்கிறீங்களா மாமா?’ என்று கேட்பது உபயோகமாக இருக்கும்.

15 வயசு. தனியாக இருப்பது பிரச்சினை இல்லை, வெளியே கிளம்புவதுதான்.

வண்டிச் சாவியை எடுத்துச் செல்லுங்கள். 18 வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்க முடியும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. 16 வயதில் வாங்கக்கூடிய உரிமம் 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் எதுவும் அதில் அடங்காது.

மற்றபடி எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் விடுங்கள். அந்த வயதில் வீட்டிலேயே அடைத்து வைத்தால் 18இல் விடுதிக்குப் போய் முதல் முறையாகச் சாலையைக் கடக்கப் பழகும்.

சொன்னதை மீறிவிட்டால்? கதவைத் திறந்துவிட்டான், அடுப்பைப் பற்றவைத்துவிட்டான்.

எப்படித் தெரிந்தது என்பதைப் பொறுத்தது. அவனே வந்து சொன்னான் என்றால் அடிக்காதீர்கள், அதிகம் திட்டவும் வேண்டாம். என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த இரண்டு வாரம் தனியாக விடும் நேரத்தைக் குறைத்து, பிறகு பழையபடி கூட்டுங்கள். எதிர்வீட்டு அத்தை சொல்லித் தெரிந்தது என்றால் நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி மாடியில் துணி காயப் போடும் கட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஏன் மறைத்தான் என்பதை மட்டும் தனியாக, இன்னொரு நாள் கேளுங்கள். அத்தைக்கு நன்றி சொல்ல மறக்க வேண்டாம். அடுத்த முறையும் அவர் கவனிக்க வேண்டும்.